ஆதிலட்சுமியின் வலது கால்

எனக்கு இன்றுவரை தலைவலி என்று ஒன்று வந்ததே இல்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆறு வருடமாக வில்லியனூரிலிருந்து சேதராப்பட்டுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். சித்திரை வெயிலில்கூடத் தலையில் துண்டு போட்டுக்கொள்வதில்லை. என் மனைவி மதலேனாள், “உங்களுக்கு வராது, மத்தவங்களுக்கு வர வைப்பீங்க” என்று கேலி செய்வாள். ஆனால் தலைவலியைப் பற்றி இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. என் எதிர் வீட்டுப் பலராமன் கொடுத்த புகார் அது. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஆதிலட்சுமியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உடம்பின் ஒரு பாகம் குப்பையோடு போகக் கூடாது, மண்ணில்தான் சேர வேண்டும் என்று அவர்கள் வழக்கம். அதனால் காலைக் கேட்டு வாங்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போயிருக்கிறான். மஞ்சள் வைப்பதற்காகத் துணியைப் பிரித்தபோது, கெண்டைக்கால் உள்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு யாரோ கிழித்து மறுபடி தைத்திருந்ததைப் பார்த்துவிட்டான். வெட்டின காலை மறுபடி வெட்டினது யார், எதற்கு என்பதுதான் அவன் புகார். இன்று காலை ஆஸ்பத்திரி ஊழியன் கண்ணையன் என் பெயரைச் சொல்லிவிட்டான்.

நான்தான் வெட்டினேன். தைத்ததும் நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். நீங்கள்தான், “முழுசா எழுதுங்க, அவசரமில்ல” என்று தாளைக் கொடுத்துவிட்டு மதகடிப்பட்டுக்குப் பந்தோபஸ்துக்குப் போய்விட்டீர்கள். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.

பலராமன் புகாரில் ‘நரம்பு திருடப்பட்டது’ என்று இருக்கிறதாம். அது நரம்பு அல்ல, தமனி. இதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் மரியதாஸ், வயது நாற்பத்தொன்பது. சேதராப்பட்டில் தொழிற்பேட்டை வந்த புதிதில் தொடங்கிய ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். மூன்று அறைதான். டாக்டர் உலகநாதன் என்பவர் தலைவர். என்னைவிடத் தலைவலி பற்றித் தெரிந்தவர் என்று சொன்னேனே, அவர்தான். வெளிநாட்டில் படித்தவர், தங்கமான மனிதர். அவர் யோசிப்பார், நான் செய்வேன். எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சலித்துக்கொள்ளாமல் படியுங்கள், இது இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

செரட்டோனின் என்று ஒரு பொருள் உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இருக்கிறது, இரத்தத்திலும் இருக்கிறது, நரம்பிலும் இருக்கிறது. அது சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. நரம்பின் மேலும் இரத்தக் குழாயின் மேலும் அதைப் பிடித்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. ஏற்பி என்று உலகநாதன் ஐயா சொல்வார். அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் குழாய் இறுகும், நரம்பு அடங்கும். எல்லா இடமும் ஒரே வகை அல்ல என்பதுதான் ஐயாவின் நம்பிக்கை. மூளையைச் சுற்றியுள்ள குழாய்களிலும் அவற்றைத் தழுவி ஓடுகிற நரம்புகளிலும் ஒரு வகை, காலில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை என்பார்.

ஒற்றைத் தலைவலிக்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. எர்கோட்டமின் என்று பெயர். தானியக் கதிரில் பிடிக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து எடுப்பது. வீங்கின குழாயை இறுக்கி வலியை நிறுத்திவிடும். தொல்லை என்னவென்றால் அதற்குத் தலை எது, கால் எது என்று தெரியாது. எல்லா வகை இடத்திலும் போய் உட்காரும், உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. அளவு மீறினால் விரல்களுக்கு இரத்தம் போவது நின்றுவிடும். ஐயா தேடியது தலையில் உள்ள இடத்தில் மட்டும் உட்காருகிற மருந்தை. ஒன்று ஒன்றாகச் செய்து பார்த்துப் பதினான்காவதற்கு வந்திருந்தோம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பதினான்கு என்றுதான் சொல்வோம்.

சோதிப்பது என் வேலை. ஒரு குழாய்த் துண்டைச் சுருளாக நறுக்கி, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் குமிழ் விட்டுக்கொண்டே இருந்தால் அது மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். மேல் நுனியை நூலால் ஒரு முள்ளோடு கட்ட வேண்டும். முள்ளின் மறுமுனை, புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மருந்து ஒரு சொட்டு விட்டால் துண்டு இறுகும், முள் ஏறும், கரித்தாளில் வெள்ளையாக ஒரு மேடு விழும். தாளுக்குப் புகை பிடிப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. கரி மெல்லிசாக, ஒரே சீராக இருக்க வேண்டும், விரல் படக் கூடாது. ஐயா வருகிறவர்களிடமெல்லாம், “மரியதாஸுக்குக் கை இருக்கு” என்று சொல்வார். எனக்கு அதைக் கேட்க ஆசையாக இருக்கும்.

ஆட்டுக் குழாயில் பதினான்கு ஜோராக வேலை செய்தது. தலைக் குழாயில் நல்ல மேடு, கால் குழாயில் ஏறினதும் தெரியவில்லை இறங்கினதும் தெரியவில்லை. நான் சந்தோஷத்தில் சாப்பிடக்கூட மறந்துவிட்டேன். ஐயா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆடு மனுஷன் இல்ல மரியதாஸ்” என்றார். காலுக்கு ஆபத்தில்லை என்று மனிதக் குழாயில் காட்டினால்தான் மேற்கொண்டு போக முடியும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

அதிலிருந்து கண்ணையன் எனக்குக் கால்கள் எடுத்து வைக்க ஆரம்பித்தான். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்குத் தெரிந்துதான். எல்லாம் சர்க்கரை நோயில் எடுத்த கால்கள், கிழவர்களுடையவை, யாரும் திருப்பிக் கேட்காதவை. ஆனால் குழாய் சுண்ணாம்பு ஏறிக் கட்டையாகி இருக்கும். எந்த மருந்தை விட்டாலும் முள் அசையாது. ஒன்பது கால் பார்த்தேன், ஒன்பதும் வீண். நல்ல வயதில், நோயில்லாத ஒரு கால் கிடைத்தால் போதும் என்று ஐயா அடிக்கடி சொல்வார். அவர் அதைப் பெருமூச்சாகத்தான் சொன்னார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆதிலட்சுமிக்கு வருகிறேன்.

பாகூர்க்காரி. முப்பத்திரண்டு வயது. எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால், அவள் வீடு எங்களுக்கு நேர் எதிரே. மதலேனாளும் அவளும் ஒரே கிண்ணத்தில் குழம்பு மாற்றிக்கொள்கிறவர்கள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், அதனால் பலராமன் என்னை மச்சான் என்பான். கரும்பு வெட்டுக் காலத்தில் நாற்பது ஆளுக்குச் சோறாக்கி வயலுக்குத் தூக்கிப்போகிற பெண், மாதத்தில் நாலு நாள் ஒரு பக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு கதவை மூடிப் படுத்துவிடுவாள். குழந்தைகள் சத்தம் போட்டால் அழுவாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன வருடம் கார்த்திகையில் நான்தான் அவளுக்கு மாத்திரை கொடுத்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய கொட்டகையில் அந்தப் பழைய மருந்தைத்தான் மாத்திரையாக அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரம் உடைந்தவை ஒரு வாளியில் விழும், யாரும் சீண்ட மாட்டார்கள். வாரத்துக்கு ஆறு எடுத்து வந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். முதல் மாத்திரையிலேயே அவளுக்கு வலி நின்றுவிட்டது. மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதில் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும், ஒருத்தரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மாதா கோயில் குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்ததில் தலைவலி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். பலராமன் அந்த வருடம் கோயிலுக்கு ஒரு கட்டுக் கரும்பு கொண்டுபோய் வைத்தான்.

இந்த மாத்திரையில் இன்னொரு குணம் உண்டு. அடிக்கடி போட்டால், போடாத நாளில் தலைவலி முன்னைவிட மோசமாக வரும். மாத்திரை கேட்டு வருகிற தலைவலி அது. தை மாதம் வாரத்துக்குப் பத்துக் கேட்டாள். பங்குனியில் தினம் இரண்டு. ஆனி பிறந்தபோது தினம் நாலு. நான் கணக்குப் பார்க்காமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் கவனக்குறைவு என்று எழுதலாம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மதலேனாள் அவள் பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அனல் வீசுகிறது, இவளுக்கு வலது கால் சில்லிட்டுப் போய்விட்டதாம், நாலு எட்டு நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதாம். நான் குனிந்து கணுக்காலின் உள்பக்கம் இரண்டு விரலை வைத்தேன். சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

“பெரியவங்க நீங்க, என் காலத் தொடறீங்களே அண்ணே. எனக்குப் பாவம் வந்து சேரும்.”

அப்படிச் சொல்லி என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் அதற்குள் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. வலது கணுக்காலில் துடிப்பு இல்லை. இடதில் லேசாக இருந்தது.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். முதலில் பயம் வந்தது. அந்தப் பழைய மருந்து கரித்தாளில் எழுதுகிற மேட்டை நான் எத்தனையோ தடவை பார்த்தவன். ஏறும், ஏறின இடத்திலேயே நிற்கும், இரண்டு மணி நேரம் கழுவினாலும் இறங்காது. அது இந்தக் காலுக்குள் நடக்கிறது என்று புரிந்தது. அன்றைக்கு நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் கால் சூடு திரும்பியிருக்கும். மாத்திரையை நிறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போ என்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அப்போது அவள் காலைப் பார்த்தேன். நல்ல வயது, சர்க்கரை இல்லை, வயல் வேலையில் உரம் ஏறின கெண்டைக்கால். “மெட்டி இறுக்கமா இருக்கு, அதான் ரத்தம் ஓடல” என்று சொன்னேன்.

அதை யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொன்ன பிறகு, அது எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று கண்டுகொண்டேன். மதலேனாள் மெட்டியை வேண்டும்போது கழற்றுவாள், மாட்டுவாள். ஆதிலட்சுமி வீட்டில் புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கழற்றினால் அதன் அர்த்தம் வேறு. விஷயம் அவள் மாமியார் தையலம்மாள் காதுக்குப் போனதும் வீடே ரெண்டுபட்டது.

“எம்புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ இவ காலு மெட்டிய கழட்டறதா? இன்னா வூடு இது?” என்று அந்த அம்மாள் கேட்டது எங்கள் வீட்டுக் கூடம்வரை கேட்டது.

பலராமன் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான். பழைய மெட்டியைத் தட்டானிடம் காட்டித் தளர்த்தலாம் என்றால், அதற்கும் கழற்றியாக வேண்டும். பெரியதாக ஒரு ஜோடி வாங்கி, மாற்றும்போது ஒரு கணம்கூடக் கால் வெறுமையாக இல்லாதபடி மாட்டலாம் என்று கடைசியில் முடிவானது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புது நகை கூடாது, ஆவணி முதல் முகூர்த்தத்தில்தான் என்று தையலம்மாள் ஒரே பிடியாக நின்றாள். ஒரு மாதத்துக்கு மேல் அந்த வீட்டில் எல்லோரும் மெட்டியைப் பற்றியே பேசினார்கள். மாத்திரையைப் பற்றி யார் பேசுவது? அது தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்.

மூன்றாவது ஆள் மதலேனாள். பொட்டலம் அதுவரை பெரும்பாலும் அவள் கையில்தான் போகும். அவள் படிக்காதவள், ஆனால் மோப்பம் பிடித்துவிடுவாள். ஆடி முதல் வாரம், “அந்த மாத்திரைய நிறுத்திப் பாருங்களேன்” என்றாள். தலைக்குப் போடுகிற மாத்திரைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மறுவாரம் மறுபடி கேட்டாள். நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். அவள் மாதாவுக்கு வெள்ளியில் ஒரு கால் செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டு நிம்மதியாகிவிட்டாள். அதன் பிறகு பொட்டலத்தை அவள் வழியாக அனுப்பாமல் நானே கொல்லைப் பக்கம் கொடுத்தேன், மதலேனாளுக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லி.

தினம் நாலு என்பதை ஆறாக்கியது அப்போதுதான். ஆதிலட்சுமி கேட்கவில்லை. நானாகத்தான் கூட்டினேன். வலி ஜாஸ்தியாக இருக்கிறதே, இரண்டு சேர்த்துப் போடு என்றேன். “நீங்க சொன்னா சரிதான் அண்ணே” என்று வாங்கிக்கொண்டாள்.

ஆடி மூன்றாவது வாரம் மூலக்குளத்தில் ஒரு கடையில் அகல வாய் பிளாஸ்க் ஒன்று வாங்கினேன். ஐஸும் உப்புநீரும் ஊற்றிக் குழாயை எடுத்துவர அதுதான் தோது. அப்போது விரல் இன்னும் கறுக்கவில்லை.

பெரிய அக்கிரமம் என்று உங்களுக்குத் தோன்றும். நான் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழைய மாத்திரையை உலகம் முழுவதும் எத்தனை பேர் விழுங்குகிறார்கள் தெரியுமா? அவர்களில் எத்தனை பேருக்கு விரல் போகிறது, கால் போகிறது? பதினான்கு தேறினால் அவர்கள் யாருக்கும் பயமில்லை. அதற்குக் குறுக்கே நிற்பது ஒரே ஒரு சோதனை. நான் அவளைக் கத்தியால் குத்தவில்லை. அவளே கேட்டு, கையை நீட்டி வாங்கிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு நாளும் நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று இருந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று தோன்றியது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மெட்டி மாற்றினார்கள். பழைய மெட்டியை எடுத்தபோது இரண்டாவது விரல் அடிவரை கறுத்திருந்தது. பலராமன் அவளைப் பெரிய ரோடுவரை மாட்டு வண்டியில் கொண்டுவந்து டாக்சியில் ஏற்றினான், நான் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். பெரிய டாக்டர் நல்ல கெட்டிக்காரர். சர்க்கரை பார்த்தார், இல்லை. பீடி குடிப்பாளா, பொடி போடுவாளா என்று கேட்டதும் பலராமனுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு அவர் ஆதிலட்சுமியிடமே நேராகக் கேட்டார், வேறு ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா என்று.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்குக்கூட நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியும். காரணம் தெரிந்திருந்தால் அவர்கள் குழாயைத் தளர்த்துகிற மருந்து ஏற்றியிருப்பார்கள், விரல் இரண்டு போயிருக்கும், கால் நின்றிருக்கும்.

“இல்லீங்க. நான் ஒண்ணும் சாப்டறதில்ல” என்றாள்.

என் வேலைக்காகச் சொன்னாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. நான் பொய் சொன்னதாக எங்கும் எழுத முடியாது.

ஒரு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டு, கறுப்பு மேலே ஏறுகிறது என்று முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். போன திங்கட்கிழமை. நான் பிளாஸ்க்கோடு பக்கத்து அறையில் இருந்தேன். கண்ணையன் வழக்கமான கால் என்று நினைத்துத்தான் கொடுத்தான், அவனை விட்டுவிடுங்கள். இருபது நிமிடம் போதும் எனக்கு. பாதம் செத்திருந்தாலும் மேல் பகுதிக் குழாய் இளசாக, வழவழப்பாக இருந்தது. எடுத்த பிறகு தைத்தேன். கிழவர்கள் காலை நான் தைத்ததில்லை. இவளுடையதை அப்படியே விட மனம் வரவில்லை. தைக்காமல் விட்டிருந்தால் ஆபரேஷனில் ஏற்பட்ட வெட்டு என்று பலராமன் நினைத்திருப்பான். தையல் நேராக இருந்ததுதான் அவனுக்குச் சந்தேகம் என்று சொன்னீர்கள். என்ன செய்வது, கை அப்படி.

அன்று மதியமே உருளையில் ஏற்றினேன். முதலில் செரட்டோனின் விட்டேன். அது எந்த நல்ல குழாயிலும் மேடு போட்டே தீர வேண்டும். போடவில்லை. அங்கேயே நிறுத்துவதுதான் முறை. நான் நிறுத்தவில்லை. பதினான்கை விட்டேன். கோடு நேராக, ஒரு நடுக்கம்கூட இல்லாமல் போனது. மனிதக் காலை அது தொடவே இல்லை என்று நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரி அழியாமல் இருக்கத் தாளுக்கு வார்னிஷ் பூசிக் காயவைத்து மறுநாள் ஐயாவிடம் கொடுத்தேன். பீடி குடிக்கிற ஒரு ஆளுடைய கால் என்று சொன்னேன்.

ஐயா ஒரு நிமிடம்தான் பார்த்தார். “இது ஏற்கெனவே இறுகிப்போன குழாய். இறுக்கத்துல உச்சத்துல இருக்கு. இதுமேல எதைப் போட்டாலும் மேடு வராது மரியதாஸ், இதுல ஒண்ணும் தெரியாது” என்றார். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். அவருக்கு ஒரு தாள் வீண், அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலை எடுக்கிற நாள்வரைக்கும் நான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலும் தலையணை அடியில் வைத்துவிட்டு வந்தேன். குழாயில் உள்ள இடமெல்லாம் பழைய மருந்து உட்கார்ந்திருக்கும்போது, பதினான்குக்கு உட்கார எங்கே இடம்? இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவன் செய்கிற தப்பா இது? என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நாள் அது ஒன்றுதான். விரல் கறுத்த பிறகு, காலை எடுப்பதற்கு நாலு நாள் முன்னதாக மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். கறுத்தது திரும்பாது, கால் எப்படியும் போகும், மேலே உள்ள குழாய் மட்டும் தளர்ந்து சுத்தமாகக் கிடைத்திருக்கும். அடுத்த முறை அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

கால் போன மறுநாள் மாலை அவளைப் பார்க்கப் போனேன். பலராமன் இடுகாட்டிலிருந்து திரும்பவில்லை. போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பார்த்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

“கால் போனா போவுது அண்ணே. ஒங்க வேலக்கி ஒண்ணும் ஆவலியே?”

ஒன்றும் ஆகவில்லை என்றேன். உடனே தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தபோது ஒன்றரை நாள் மாத்திரை விட்டுப்போனதில் வலி பிளக்கிறது, நர்ஸ் கொடுக்கிற மாத்திரை எதற்கும் ஆகவில்லை, சத்தமாகச் சொல்லவும் பயமாக இருக்கிறது என்றாள். பொட்டலத்தைக் கொடுத்தேன். அன்று முதல் தினமும் மாலையில் போகிறேன். நேற்றும் போனேன்.

நேற்று பேச்சுவாக்கில் இடது கணுக்காலைத் தொட்டுப் பார்த்தேன். இப்போது அவள் காலை இழுத்துக்கொள்வதில்லை. துடிப்பு தேடினால் கிடைக்கிறது, தேடாவிட்டால் இல்லை. பாதம் கொஞ்சம் சில்லென்று இருந்தது. விரல்கள் நல்ல நிறமாகத்தான் இருக்கின்றன. டாக்டர்கள் வலது பக்கப் புண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

பொட்டலம் தலையணை உறைக்குள் இருக்கிறது. இருபது மாத்திரை. வலி வந்தால் இரண்டு போடு, அரை மணியில் விடாவிட்டால் இன்னும் இரண்டு போடு என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதை அப்படியே செய்கிறவள். நீங்கள் என்னை இங்கே உட்காரவைத்தபோது மணி பதினொன்று, இப்போது நாலரை. கான்ஸ்டபிள் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார், இன்னும் முடியலையா என்று கேட்டார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லாவிட்டால் யாருக்கும் விளங்காது.

மாத்திரையை அவளிடமிருந்து பிடுங்கிவிடுவீர்கள். அது உங்கள் கடமை, நான் தடுக்கவில்லை. ஆனால் பிடுங்கின இரண்டாம் நாள் அவளுக்கு வரப்போகிற வலியை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சுவரில் முட்டிக்கொள்வாள். என்னைக் கேட்பாள், அண்ணன் எங்கே என்று எல்லோரையும் கேட்பாள். அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. அவ்வளவு கல்நெஞ்சு எனக்குக் கிடையாது.